அம்மாவிடம் காட்டக்கூடிய திட்டம்

தேர்வு முடிந்த மறுநாளே புலனக் குழுவில் அந்தக் கேள்வி வந்துவிடும்: “எங்கே போகலாம்?” போர்ட்டிக்சன் போய்ப் போய் அலுத்துவிட்டது என்பார் ஒருவர். தூரமாகப் போவோம், படகு, கூடாரம் என்று இரண்டு மூன்று நாள் தங்குவோம் என்பார் இன்னொருவர். கென்யிர் ஏரியின் பெயர் அடிபடும். அரை மணி நேரத்தில் டி-சட்டையின் நிறம்கூட முடிவாகிவிடும். நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போக வேண்டும். கைப்பேசித் திரையிலேயே விடுமுறையைக் கழிப்பதைவிட, பத்துப் பேர் சேர்ந்து ஒரு கூடாரத்தை நிமிர்த்துவது நல்ல பாடம். ஆனால் போகும் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

திரெங்கானு மாநிலத்தின் உலு திரெங்கானு மாவட்டத்தில் உள்ள கென்யிர், இயற்கையாக உண்டான ஏரி அல்ல. மின் உற்பத்திக்காக அணை கட்டி, 1985இல் பணி முடிந்தபோது, ஒரு மலைக்காடே நீரில் மூழ்கியது. இன்று நாம் தீவுகள் என்று படம் எடுக்கும் 340 மேடுகளும் அன்றைய குன்றுகளின் தலைகள். நீருக்கு மேல் கருத்து நிற்கும் மரங்கள் அன்றைய காட்டின் மிச்சம். மேலே தெரியும் மரத்தைப் படகோட்டி விலக்கிப் போய்விடுவார்; நீருக்குச் சற்றுக் கீழே நிற்கும் கட்டைதான் ஆபத்து. அந்த ஏரியை நன்கு அறிந்த உள்ளூர்ப் படகோட்டி இல்லாமல் நாமே படகை ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கடற்கரையில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு, நீர் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும் என்ற எண்ணம் இருக்கும். இங்கே நாம் கரை என்று நினைப்பது ஒரு மலைச்சரிவு. முழங்கால் அளவு நீரில் நிற்பவர் இரண்டடி தள்ளி வைத்தால் காலுக்கு அடியில் தரை இல்லாமல் போகலாம். ஆகவே உயிர்காப்புச் சட்டை படகில் உட்காரும்போது மட்டும் அணிவதற்கு அல்ல. கரையோரம் குளிக்கும்போதும் நீந்தத் தெரியாதவர் அதைக் கழற்றக் கூடாது. நீந்தத் தெரிந்தவரும் தனியாக இறங்கக் கூடாது. படம் அழகாக வராது என்று அதைக் கழற்றி வைக்கும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

எப்போது போவது என்பதில் தேர்வே இல்லை. நமக்குக் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை வாட்டும் என்பதால், ஆண்டு நடுவில் வரும் விடுமுறையே இதற்கு ஏற்றது. அப்போதும் மாலையில் மழை பெய்யும். லாசிர், சாவோக் போன்ற நீர்வீழ்ச்சிகளுக்குப் போனால், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலை உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். ‘கெப்பாலா ஆயர்’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் திடீர் வெள்ளம் அப்படித்தான் வருகிறது. தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், பொருள்களை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். கூடாரத்தை ஆற்றோரத்திலோ மலைச்சரிவின் அடியிலோ அடிக்கக் கூடாது. 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியுமுன், பத்தாங் காலி முகாமில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது மண் சரிந்து 31 பேர் இறந்ததை நாடு மறக்கவில்லை. அங்கே முகாம் நடத்த உரிமம் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. நாம் தங்கப் போகும் இடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

செலவில் பெரும் பங்கு படகு வாடகைக்குப் போகும். அதைத் தலைக்கு இத்தனை ரிங்கிட் என்று பிரிக்கும்போது, செலவைக் குறைக்க இன்னும் நான்கு பேரை ஏற்றலாமே என்று தோன்றும். படகோட்டி சொல்லும் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேகி மீயை இரண்டு வேளை கூடுதலாகத் தின்று பணத்தை மிச்சப்படுத்தலாம்.

இனி, பலரும் பேசத் தயங்கும் விஷயம். “தோழி வீட்டில் குழுவாகப் படிக்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டு ஏரிக்கோ அருவிக்கோ போகும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டால் அனுப்ப மாட்டார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அது முழுப் பொய்யும் அல்ல. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு ‘வேண்டாம்’ என்ற பதில், கேள்வி முடியும் முன்பே வந்துவிடுகிறது. அண்ணனுக்குக் கிடைக்கும் அனுமதி தங்கைக்கு ஏன் இல்லை என்பதைப் பெற்றோர் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். பொய் சொல்லும்படி பிள்ளையைத் தள்ளுவதில் அந்த அவசர மறுப்புக்கும் பங்கு உண்டு.

ஆனால் மாணவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். கென்யிரின் உட்பகுதியில் பல இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. 999ஐ அழைக்க முடியாத இடத்தில் ஒருவர் காணாமல் போனாலோ படகு பழுதாகி நின்றாலோ, வெளியே இருக்கும் யாராவது ஒருவர் ‘இவர்கள் இன்னும் திரும்பவில்லையே’ என்று கவலைப்பட்டால்தான் தேடுதல் தொடங்கும். அவர்கள் அனைவரும் நாம் ஷா ஆலாமில் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தால் யார் தேடுவார்கள்?

ஆகவே திட்டத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பெங்காலான் காவி படகுத்துறையிலிருந்து எந்த நாள், எத்தனை மணிக்குப் புறப்பாடு, படகோட்டியின் தொலைபேசி எண், எங்கே கூடாரம், யார் யாருக்கு நீந்தத் தெரியாது, யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது, அருகில் உள்ள மருத்துவமனை கோல பெராங்கில் என்பது வரை எல்லாம் அதில் இருக்கட்டும். தேசியப் பூங்கா எல்லைக்குள் போவதாக இருந்தால் பெர்ஹிலித்தான் அனுமதிச் சீட்டு பெற்ற விவரமும் வேண்டும். இப்படி ஒரு தாளைப் பார்த்த தாய் உடனே சரி என்று சொல்லிவிடுவார் என்று உறுதி கூற முடியாது. ஆனால் ‘எல்லாரும் போகிறார்கள்’ என்று மொட்டையாகச் சொல்வதைவிட, அவர் கேட்கும் கேள்விகள் குறையும். அவர் கேட்கும் கேள்விகளில் சில, நீங்கள் யோசிக்காதவையாகவும் இருக்கும், அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தாளின் ஒரு படி ஒவ்வொரு வீட்டிலும், ஒரு படி படகுத்துறையிலும் இருக்கட்டும். திரும்பும் நாளில் எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் யாரைத் தொடர்புகொள்வது என்ற கடைசி வரியை மட்டும் நீங்கள் எழுதாதீர்கள். அதை அம்மாவோ அப்பாவோ தம் கையால் எழுதட்டும்.