லீவுக்கு வேன் பேசுமுன் வீட்டுப் பூனையைப் பற்றியும் பேசுவோம்



பாடசாலை லீவு நெருங்கிவிட்டது. காத்தான்குடி, கல்முனைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களும், நுவரெலியாவுக்கு இரண்டு நாள் போய் வருகிறவர்களும் இப்போதே வேன் பேசுகிறார்கள். எத்தனை பேர், எத்தனை நாள், வழியில் எங்கே சாப்பாடு, எல்லாம் கணக்குப் பார்க்கிறோம். வீட்டுப் பூனையின் நினைவு மட்டும் வெளிக்கிடும் அன்று காலையில்தான் வருகிறது.

அந்தக் கடைசி நேரத்தில் சிலர் பூனையைச் சாக்கில் போட்டுச் சந்தைப் பக்கம் விட்டுவிடுகிறார்கள். சிலர் ஒரு கோப்பை சோற்றை வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். லீவு முடிந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகள், "சேர், எங்கட பூனையக் காணல்ல" என்று சொல்லும்போது எனக்குப் பதில் வருவதில்லை. அந்தப் பிள்ளை எதைப் படித்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தேவைப்படும் வரை வைத்துக்கொள், கஷ்டம் என்றால் விட்டுவிடு என்பதைத்தான்.

பூனையைக் கட்டிவைத்ததால் தண்டனை பெற்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அவள் உணவும் கொடுக்கவில்லை, அது தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. பூட்டிய வீடும் அதேதான். "நான் அவிழ்த்துத்தானே விட்டேன்" என்று சந்தையில் விட்டவர் சொல்லலாம். ஆனால் நம் சோற்றிலும் நெத்தலியிலும் வளர்ந்த பூனைக்கு அந்த இடம் தெரியாது. அங்குள்ள நாய்களுக்கு அதைத் தெரியும். நாட்டின் சட்டமும் சும்மா இல்லை. மிருக வதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

அப்படியானால் கூட்டிக்கொண்டு போவதா? என் அபிப்பிராயம், பெரும்பாலான பூனைகளுக்கு வீட்டில் இருப்பதே நல்லது. பூனை ஆட்களைவிட இடத்தோடுதான் அதிகம் ஒட்டியிருக்கும். புது ஊரில் கதவு திறந்த உடனே ஓடி ஒளிந்துவிடும். திரும்பி வரும் நாளில் வேன் காத்துநிற்க, பிள்ளைகள் அழ, பூனை கிடைக்காது.

பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவியையும் சாப்பாட்டையும் கொடுத்துவிட்டுப் போங்கள். காலையும் மாலையும் வந்து சோறும் தண்ணீரும் வைத்தால் போதும். சிங்கள வீடோ தோட்டத்துத் தமிழ் வீடோ, யாராக இருந்தாலும் சொல்லிப் பாருங்கள். ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. வரும்போது அவர்களுக்கு ஏதாவது வாங்கி வாருங்கள்.

கட்டாயம் கொண்டுபோக வேண்டியவர்கள், முக்கியமாக நீண்ட நாள் போகிறவர்கள், சிலவற்றைக் கவனியுங்கள்.

விசர்நாய்க்கடி நோய் பூனையாலும் பரவும். பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தடுப்பூசி போட்டுவிடுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். நோய் ஏதும் இருந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை நமக்குத் தூரமில்லை.

கிழக்குக்குப் போகும் வழியில் மஹியங்கனைப் பாதையின் 18 வளைவுகள் இருக்கின்றன. நமக்கே தலை சுற்றும் இடம். வெளிக்கிட மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு முன்பே பூனைக்குச் சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். மடியில் வைக்காமல், காற்றுப் போகும் மூடிய கூடையில் பழைய துணி விரித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே கூடையை வீட்டில் திறந்து வைத்தால் அது தானாக ஏறிப் படுத்துப் பழகிவிடும்.

மலைக் குளிரில் வளர்ந்த பூனைக்குக் கிழக்கின் வெயில் புதிது. சாப்பாட்டுக்கு இறங்கும்போது பூனையை வேனுக்குள் விட்டுக் கண்ணாடியை மூடாதீர்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் 10 நிமிடத்திலேயே சூடு ஏறக்குறைய 10 பாகை கூடிவிடும். நுவரெலியா போய் ஹோர்ட்டன் சமவெளியும் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். அது 1988 முதல் தேசிய பூங்கா, வளர்ப்பு மிருகங்களை உள்ளே விடமாட்டார்கள். போன இடத்தில் முதல் இரண்டு மூன்று நாள் பூனையை ஓர் அறையில் மட்டும் வையுங்கள். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பூனை பிடிக்காது, சிலருக்கு அதன் மயிர் ஒத்துக்கொள்ளாது.

ஊருக்கு ஒரு யோசனை. லீவில் எங்கும் போகாத பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். போகும் வீட்டுப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் பொறுப்பை உம்மா வாப்பாவின் அனுமதியோடு அவர்களிடம் கொடுங்கள். கையில் ஒரு சின்னத் தொகையும் கொடுங்கள். பொறுப்பு என்ற பாடத்தை நான் கரும்பலகையில் ஒரு தவணை முழுக்க எழுதினாலும் இவ்வளவு பதியாது.

உங்கள் தெருவில் யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். எல்லோருடைய பயணத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானதாக ஆக்குவானாக.