இருநூற்றெட்டு ரூபாய்க் கணக்கு

முதியோர் கல்விக்குச் செலவழிக்கும் காசு ஆற்றில் கரைத்த புளி, அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாலாவது உருப்படும் என்கிறார்கள். படித்தவர்கள் வாயிலிருந்தே இதை அதிகம் கேட்கிறேன்.

முதலில் எவ்வளவு காசு என்று பார்த்துவிடலாம். 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு மத்திய, மாநில அரசுகளின் பங்கு சேர்ந்து 1,037.90 கோடி ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். வகுத்தால் தலைக்குச் சுமார் 208 ரூபாய் வருகிறது. இதைப் பறித்துக் கொடுத்து எந்தப் பள்ளியைத் தூக்கி நிறுத்துவது? பெரிய செலவைச் சுமப்பவர்கள் வேறு ஆட்கள். சம்பளமில்லாமல் சொல்லித் தரும் தன்னார்வலர்கள் சுமக்கிறார்கள். பகலெல்லாம் களையெடுத்து, இரவுச் சோற்றை இறக்கி வைத்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு சிலேட்டைப் பிடிக்கும் பெண்கள் சுமக்கிறார்கள். அந்த உழைப்பை எந்த வரவு செலவிலும் காணோம்.

கையெழுத்துப் போடுவதைத் தவிர என்ன கண்டார்கள் என்பது அடுத்த கேள்வி. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, எழுத்தோடு சைக்கிளும் பாடமானது. கல்குவாரிப் பெண்கள்கூட ஆயிரக்கணக்கான பெண்களோடு சேர்ந்து ஓட்டப் பழகினார்கள். தண்ணீர்க் குடமும் பிள்ளையும் சைக்கிளில் ஏறின. பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த பொழுது மிச்சமானது. 1990களின் தொடக்கத்தில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில், இரவு வகுப்பில் சாராயத்தைப் பற்றிய பாடம் படித்த பெண்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். போராட்டம் மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் அரசு சாராயத்தைத் தடை செய்தது. இதெல்லாம் கையெழுத்தோடு நின்ற கதையா?

கற்றதை மறந்துவிடுகிறார்கள் என்பது மட்டும் உண்மை, மறுக்க மாட்டேன். நான் சொல்லிக் கொடுத்த வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். தேர்வு முடிந்ததும் மையத்தைப் பூட்டினார்கள். வாசிக்க ஒரு தாள்கூட ஊருக்கு வரவில்லை. இரண்டு வருஷத்தில் பாதிப் பேர் மறுபடி கைநாட்டு. பயிரை நட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாதவர்கள் விதையைக் குறை சொல்வது என்ன நியாயம்? செலவைக் கூட்ட வேண்டிய இடம் அதுதான்: படிப்பு முடிந்த பிறகு ஊரில் ஒரு வாசிப்பறை, தன்னார்வலருக்கு ஒரு மதிப்பூதியம்.

இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள். போன் வந்துவிட்டது, அதுவே வாசித்துக் காட்டும், எழுத்து எதற்கு என்று. வங்கி வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். வந்த ரகசிய எண்ணை வாசிக்கச் சொல்லி, முன்பின் தெரியாதவர் கையில் போனைக் கொடுக்கும் அம்மாக்களைப் பார்க்கலாம். எங்கள் வகுப்பில் படித்த ஒருவரை அண்மையில் அங்கே பார்த்தேன். பணம் எடுக்கும் சீட்டில் ‘எழுநூறு’ என்று எழுதிக்கொண்டிருந்தார். ‘ழு’வில் கை நின்றது. பின்னால் வரிசையில் நின்ற பையன், “குடுங்கம்மா, நான் எழுதித் தர்றேன்” என்று பேனாவுக்குக் கை நீட்டினான்.

“இரு தம்பி, வந்துரும்” என்றார். வந்தது.