ஒரு ஊர் பெயருக்கே 18 கட்டம்! பார்வையற்றவர்களுக்கான பிரெய்லி நோட்டேக்கர் வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

ஸ்ரீவில்லிபுத்தூர். இந்தப் பெயரைத் தமிழ் பிரெய்லியில் எழுத 18 கட்டங்கள் தேவை. சந்தையில் குறைந்த விலையில் கிடைக்கும் பிரெய்லி கருவிகளில் ஒரு வரிக்கு இருப்பதோ 20 கட்டங்கள்தான். அதாவது ஊர் பெயரை எழுதி முடிக்கும்போதே வரியும் முடிந்துவிடும்.

பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்கு 10 கட்டம் போதும். அடுத்த சொல்லுக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

பார்வையற்ற பிள்ளைக்கு பிரெய்லி கருவி வாங்க நினைக்கும் பெற்றோர், ஆசிரியர், உதவ முன்வரும் நன்கொடையாளர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட விளம்பரங்களில் இந்தக் கணக்கு இருக்காது.

எந்தக் கருவி யாருக்கு? போன் மட்டும் போதாதா? அரசிடம் கேட்க முடியுமா? விரிவாகப் பார்ப்போம்.

*இப்போ ஏன் இந்தப் பேச்சு?*

2025 மே மாதம் ஆப்பிள் நிறுவனம் 'பிரெய்லி ஆக்சஸ்' என்ற வசதியை அறிவித்தது. அந்த ஆண்டு வெளியான ஐஓஎஸ் 26 உடன் அது பயன்பாட்டுக்கு வந்தது. பிரெய்லியில் குறிப்பு எழுதுவது, கணக்கு போடுவது, பிரெய்லி கோப்புகளைத் திறந்து படிப்பது என நோட்டேக்கர் செய்யும் முக்கிய வேலைகள் இப்போது ஐபோனுக்குள்ளேயே வந்துவிட்டன.

ஆண்ட்ராய்டிலும் மாற்றம் நடந்திருக்கிறது. திரையில் விரல்களை வைத்தே பிரெய்லியில் டைப் செய்யும் கீபோர்டை 2020இல் கூகுள் கொண்டுவந்தது. 2022இல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, பிரெய்லி டிஸ்ப்ளேயை நேரடியாக இணைக்கும் வசதி 'டாக்பேக்' செயலியில் சேர்க்கப்பட்டது.

அப்படியானால் பல லட்சம் ரூபாய் கொடுத்து தனியாக நோட்டேக்கர் வாங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

*நோட்டேக்கர் வேறு, டிஸ்ப்ளே வேறு*

பலர் குழம்பும் இடம் இது. இரண்டுமே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மேலே 6 அல்லது 8 சாவிகள். கீழே விரலால் தடவிப் படிக்கும் ஒரு வரி. அந்த வரியில் இருக்கும் குட்டி ஊசிகள் எழுத்துக்குத் தகுந்தபடி மேலே எழும்பும், கீழே இறங்கும்.

நோட்டேக்கர் என்பது கிட்டத்தட்ட ஒரு முழு கணினி. மின்னஞ்சல், இணையம், எழுதும் செயலி எல்லாம் உள்ளேயே இருக்கும். திரை மட்டும் தேவையில்லை. தென்கொரியாவின் 'பிரெய்ல்சென்ஸ் 6', ஹியூமன்வேர் நிறுவனத்தின் 'பிரெய்ல்நோட் டச் பிளஸ்' ஆகியவை இந்த ரகம். அமெரிக்காவில் இவற்றின் விலை 5 ஆயிரம் டாலருக்கும் மேல். நம் பணத்தில் 4 லட்சம் ரூபாயைத் தாண்டும்.

டிஸ்ப்ளே என்பது போனுடனோ கணினியுடனோ இணைத்துப் பயன்படுத்தும் கருவி. போனில் இருப்பதை பிரெய்லியாகக் காட்டும், பிரெய்லியில் டைப் செய்தால் போனுக்கு அனுப்பும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மலிவு ரகம் இருக்கிறது. 'ஆர்பிட் ரீடர் 20', மும்பையைச் சேர்ந்த இன்னோவிஷன் நிறுவனம் உருவாக்கிய 'பிரெய்ல் மீ' ஆகியவை அதில் வரும். இரண்டிலும் 20 கட்டங்கள். போனுடன் இணையும். தனியாகவும் கோப்பு படிக்கலாம், குறிப்பு எழுதலாம். அமெரிக்காவில் பிரெய்ல் மீ 515 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. முழு நோட்டேக்கரின் விலையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

*விலை ஏன் இவ்வளவு?*

பழைய தொழில்நுட்பத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் ஒரு பீசோ மின் படிகப் பட்டை இருக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் பட்டை வளையும், ஊசி மேலே எழும்பும். ஒரு கட்டத்துக்கு 8 புள்ளி என்றால், 40 கட்டத்துக்கு 320 பட்டைகள். வாங்குவோர் எண்ணிக்கையும் குறைவு. செல்போன் மாதிரி கோடிக்கணக்கில் தயாரித்து விலையைக் குறைக்க வழியில்லை. பிரெய்ல் மீ போன்ற புதிய கருவிகள் இந்த முறையை விட்டுவிட்டு வேறு வழியில் ஊசியை நகர்த்துவதால்தான் விலை இறங்கியது.

*போன் பேசுதே, பிரெய்லி எதுக்கு?*

நியாயமான கேள்வி. குரல் மென்பொருளை வைத்துப் படித்து உயர்ந்தவர்கள் நிறைய பேர் உண்டு. 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்றவரான சென்னையின் பெனோ ஜெபைன், திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் 'ஜாஸ்' மென்பொருளைப் பயன்படுத்தியவர்.

ஆனால் தமிழ் படிக்கும் சின்னப் பிள்ளைக்கு குரல் மட்டும் போதாது.

வலி, வளி, வழி. இந்த மூன்றையும் போன் வேகமாகப் படிக்கும்போது காதுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். அரை, அறை? மனம், மணம்? கேட்டே வளரும் பிள்ளைக்கு சொல் தெரியும், பொருளும் தெரியும், எழுத்து தெரியாமல் போகலாம். பிரெய்லியில் லகரம், ளகரம், ழகரம் மூன்றுக்கும் வேறு வேறு புள்ளிகள். விரல் தொட்ட உடனேயே தெரிந்துவிடும்.

இந்த வித்தியாசம் பின்னாளில் வேலை தேடும்போது முன்னால் வந்து நிற்கும். பார்வையற்ற ஒருவர் எழுதிய விண்ணப்பத்தில் பிழைகள் இருந்தால், அவருக்கு எழுத்து கற்றுக்கொடுத்த விதத்தில் குறை என்று யாரும் நினைப்பதில்லை. அவருக்கே திறமை இல்லை என்றுதான் முடிவு கட்டுகிறார்கள்.

பார்வையோடு கேட்கும் திறனும் இல்லாதவர்களுக்கோ குரல் எந்த உதவியும் செய்யாது. டிஜிட்டல் உலகத்துக்குள் அவர்கள் வர பிரெய்லி வரிதான் வாசல்.

*தமிழுக்கு ஏன் அதிக கட்டம்?*

லூயி பிரெய்லி தன் முறையை வெளியிட்டது 1829இல். இந்திய மொழிகளுக்குப் பொதுவான 'பாரதி பிரெய்லி' 1951இல் வந்தது. தமிழும் அதைத்தான் பின்பற்றுகிறது.

இதில் 'ர' என்றால் 1 கட்டம். 'ரா' என்றால் ர, ஆ என 2 கட்டம். 'ர்' என்றால் புள்ளிக்கு ஒன்று, ர-வுக்கு ஒன்று என மறுபடியும் 2 கட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் உயிர்மெய்யாகவோ மெய்யாகவோ இருப்பதால், 9 எழுத்துக்கு 18 கட்டம் ஆகிறது. அதே பெயருக்கு ஆங்கில எழுத்தில் 14 கட்டமே போதும். போதாததற்கு, 'தி', 'ஆண்ட்' போன்று அடிக்கடி வரும் சொற்களை ஒரே கட்டத்தில் எழுதும் சுருக்க முறையும் ஆங்கிலத்தில் உண்டு.

அதனால் '20 கட்டம் தாராளம்' என்று ஆங்கிலத்தில் படிப்பவர் சொன்னால், அதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்ப் பாடம் படிக்கும் பிள்ளை ஓரிரு சொல்லுக்கு ஒருமுறை அடுத்த வரிக்கான பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். குறிப்பு எழுத இது பெரிய தடை இல்லை. 300 பக்க நாவல் படிக்கும்போது சலிப்பு தரும். நீளமாகப் படிப்பவருக்கு 32 அல்லது 40 கட்டம் வசதி.

அதற்காக, 40 கட்டம் வாங்க பணம் சேரும்வரை காத்திருக்கணுமா? தேவையில்லை. 9 வயதில் 20 கட்டத்தோடு எழுதப் பழகுவது, 17 வயதில் 40 கட்டம் கிடைப்பதை விட மேல்.

*கடைக்காரர் முன்னாடியே செய்ய வேண்டிய 5 சோதனைகள்*

1. தமிழ் போய்த் திரும்புகிறதா? வலி, வளி, வழி, அரை, அறை, மனம், மணம் என்ற ஏழு சொற்களையும் கருவியில் பிரெய்லியில் எழுதுங்கள். போனிலோ கணினியிலோ அது சரியான தமிழ் எழுத்தாக வருகிறதா பாருங்கள். பிறகு போனில் தமிழில் எழுதி, கருவியில் சரியாக வருகிறதா பாருங்கள். ஒரு வழி மட்டும் வேலை செய்தால் போதாது. பிள்ளை எழுதுவதை ஆசிரியர் படிக்க வேண்டுமே!

2. உங்கள் போனோடு சேருமா? கடையில் இருக்கும் போனில் வேலை செய்தால் மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் எந்தப் போனோ, அதையே எடுத்துப் போங்கள். கணினி இருந்தால், 'என்விடிஏ' என்ற திரை வாசிப்பான் முற்றிலும் இலவசம். பல நிறுவனங்களின் பிரெய்லி டிஸ்ப்ளேக்களோடு சேரும். தமிழ் பிரெய்லி அட்டவணையும் அதில் இருக்கிறது.

3. போன் இல்லாமலும் ஓடுமா? பல பள்ளிகளில் வகுப்புக்குள் போனுக்கு அனுமதி இல்லை. எஸ்டி கார்டில் பாடத்தைப் போட்டுப் படிக்கவும், தனியாகக் குறிப்பு எழுதவும் முடிந்தால்தான் பள்ளிக்குப் பயன்படும்.

4. பழுதானால் எங்கே? ராஜபாளையத்தில் செல்போன் சரிசெய்யும் கடை தெருவுக்குத் தெரு இருக்கலாம். பிரெய்லி ஊசியைச் சரிசெய்ய கருவியைத் தயாரிப்பாளருக்குத்தான் அனுப்ப வேண்டும். சர்வீஸ் மையம் இந்தியாவில் இருக்கிறதா, எத்தனை நாள் ஆகும், கூரியர் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். தூசி, வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு மூன்றும் ஊசிகளுக்கு எதிரி. பஞ்சாலையும் பேண்டேஜ் துணித் தறியும் ஓடும் ஊரில் மூடி போட்டு வைப்பது கட்டாயம். பால்கோவா சாப்பிட்ட கையோடு தொடவே கூடாது.

5. விரல் என்ன சொல்கிறது? புள்ளிகள் அழுத்தமாக இருக்கின்றனவா, வரி மாற எவ்வளவு நேரம் ஆகிறது, சத்தம் வருகிறதா? இதைப் பயன்படுத்தப் போகிறவர்தான் சொல்ல முடியும். அரை மணி நேரமாவது அவர் கையில் கொடுங்கள். பெற்றோர் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கும் பொருள் இல்லை இது.

*யாருக்கு எது பொருந்தும்?*

* இப்போதுதான் பிரெய்லி கற்கும் குழந்தை: முதலில் சிலேட்டும் எழுத்தாணியும், முடிந்தால் பெர்கின்ஸ் பிரெய்லர் தட்டச்சும். மின்னணுக் கருவிக்கு அவசரம் வேண்டாம்.
* 6 முதல் பிளஸ் டூ வரை: 20 கட்டக் கருவி. கிட்டத்தட்ட 5 கிலோ இருக்கும் பெர்கின்ஸ் பிரெய்லரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது. ஆர்பிட் ரீடர் சுமார் அரைக் கிலோதான்.
* கல்லூரி, போட்டித் தேர்வு: 20 கட்டக் கருவியோடு போன் அல்லது என்விடிஏ போட்ட லேப்டாப்.
* நாள் முழுக்க எழுத்து வேலை செய்பவர்: 40 கட்ட டிஸ்ப்ளே.
* 4 லட்ச ரூபாய் முழு நோட்டேக்கர்: போனோ லேப்டாப்போ பயன்படுத்த முடியாத வேலைச்சூழல் இருந்தால், அல்லது அலுவலகமே வாங்கித் தந்தால் மட்டும்.

படிக்க புத்தகம் எங்கே என்ற கவலை கொஞ்சம் குறைந்திருக்கிறது. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை மாற்றித் தருவதை எளிதாக்கும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்றது இந்தியாதான். 2016 ஆகஸ்டில் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகத்தில் உறுப்பினராகி புத்தகங்களைத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

*அரசிடம் கேட்கலாமா?*

கேட்கலாம். அதற்குச் சட்டமே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 17ஆவது பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகங்களையும் பொருத்தமான உதவிக் கருவிகளையும் இலவசமாக வழங்குவது அரசு மற்றும் உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்கிறது.

சட்டத்தில் 'பிரெய்லி டிஸ்ப்ளே' என்ற பெயர் இல்லை. 'பொருத்தமான' என்ற சொல்தான் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இதுதான் பொருத்தம் என்று காரணத்தோடு எழுதிக் கேட்பது நம் கையில்தான் இருக்கிறது. பொதுவாக 'உதவி வேண்டும்' என்று மனு கொடுத்தால், ஊன்றுகோலோ வேறு வழக்கமான கருவியோ கொடுத்து மனுவை முடித்துவிட வாய்ப்பு அதிகம்.

எங்கே போகணும்?

* முதலில் யுடிஐடி அட்டை. அது இல்லாமல் எந்தத் திட்டமும் நகராது.
* பள்ளி மாணவர் என்றால், உங்கள் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் பரிந்துரை கேளுங்கள். பிள்ளைக்கு பிரெய்லி தெரியும் என்று அவர் எழுதித் தருவது மனுவுக்கு பலம்.
* விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் விண்ணப்பம் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். ரசீது வாங்க மறக்காதீர்கள்.
* மத்திய அரசின் 'அடிப்' திட்டம் பற்றியும் அங்கேயே கேளுங்கள். அதற்கு வருமான வரம்பு உண்டு.
* கருவியைத் தொட்டுப் பார்க்க, பயிற்சி பற்றி விசாரிக்க மதுரை பக்கம். 1985இல் எஸ்.எம்.ஏ. ஜின்னா தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இயங்குகிறது. மத்திய அரசின் தேசிய நிறுவனத்துக்கு பூந்தமல்லியில் மண்டல மையம் இருக்கிறது.

தேர்வறையில் கருவியைப் பயன்படுத்த முடியுமா? பிரெய்லியிலோ கணினியிலோ தேர்வு எழுதும் வாய்ப்பைத் தேர்வருக்குத் தர வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. ஆனால் கோப்புகளைச் சேமிக்கும் கருவி என்பதால் கேள்வி வரும். தேர்வு நடத்தும் அமைப்பிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது.

*சுருக்கமாக...*

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். இவர்களில் பெரும்பாலானோருக்கு 4 லட்ச ரூபாய் நோட்டேக்கர் எட்டாத பொருள். நல்ல செய்தி, அது இப்போது பலருக்குத் தேவையும் இல்லை. கையில் இருக்கும் போன், இலவச மென்பொருள், ஒரு 20 கட்டக் கருவி சேர்ந்தால் பள்ளி, கல்லூரிப் படிப்புக்குப் போதும்.

மற்ற பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலேயே பென்சிலை எடுத்து தன் ஊர் பெயரைத் தானே எழுதிப் பார்த்துவிடுகிறார்கள். பார்வையற்ற பிள்ளைக்கும் அதே வாய்ப்பு வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுதி முடித்தால் 20இல் 2 கட்டம் மிச்சம் இருக்கும். முதல் கருவி எந்த மாடலாக இருந்தாலும், அந்த 18 கட்டத்தையும் பிழையில்லாமல் தமிழில் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.