எதிர்ப்பு யாருடையது?

நான்காம் படிவத்து மாணவன் ஒருவன் நலவாழ்வு குறித்து எழுதிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு தொடரில் என் சிவப்பு மை நின்றது. ‘சிறு குழந்தைகளை நிமோனியா தாக்காதிருக்க அவர்களிடம் நுண்ணுயிர் எதிர்ப்பு வளர வேண்டும், ஆதலால் நுண்ணுயிர் எதிர்ப்பிகளை அவர்களுக்கு அடிக்கடி கொடுத்துவர வேண்டும்’ என்று அவன் எழுதியிருந்தான். ஒற்றுப்பிழை இல்லை, எழுவாயும் பயனிலையும் இயைந்து நின்றன, ‘ஆதலால்’ என்னும் இணைப்புச்சொல் இடமறிந்து வந்திருந்தது. மொழித்தாளின் அளவுகோலால் அளந்தால் முழுப் புள்ளி பெறத்தக்க தொடர் அது. ஆயினும், அத்தொடரை நம்பி ஒரு தாய் நடப்பாளாயின், தன் பிள்ளையைக் காக்கும் மருந்தைத் தன் கையாலேயே மழுங்கடித்தவள் ஆவாள்.

பிழை மாணவனுடையதன்று. நாம் கொடுத்த சொற்களைக் கொண்டு அவன் முறையாகவே சிந்தித்தான். சொற்கள்தாம் அவனை ஏமாற்றிவிட்டன.

நோயைத் தாங்கி நிற்கும் உடலின் ஆற்றலை ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்கிறோம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்கிறோம். அம்மருந்துக்கு அடங்காமல் பாக்டீரியா பிழைத்துப் பெருகுவதையும் ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்றே அச்சிடுகிறோம். கோட்டைக் காவலனுக்கும், அவன் கைவாளுக்கும், அவ்வாளுக்கு வெட்டுப்படாத பகைவனின் கவசத்துக்கும் ஒரே பெயரா? முதலிரண்டும் நமக்கு வேண்டியவை. மூன்றாவது நம் குழந்தைகளைக் கொல்வது. ‘எதிர்ப்பு வளர்கிறது’ என்னும் செய்தியைப் படிப்பவர் மகிழ்வதா, அஞ்சுவதா? போதாக்குறைக்குக் ‘கிருமி’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் பாக்டீரியாவையும் வைரஸையும் ஒருங்கே அடைத்து வைத்திருக்கிறோம். சாதாரணச் சளி வைரஸால் வருவது. பெனிசிலின் இனத்து மருந்துகளோ பாக்டீரியாவின் சுவரைத் தகர்ப்பவை. வைரஸுக்கு அத்தகைய சுவரே கிடையாது. இவ்வேறுபாட்டைக் ‘கிருமி’ என்னும் சொல் மறைத்துவிடுகிறது.

கலைச்சொல்லாக்கம் குறித்து நம் மாநாடுகளில் மணிக்கணக்கில் வாதிடுகிறோம். ஒரு சொல்லின் வேர் தூய தமிழா, பிறமொழிச் சாயல் படிந்ததா என்று ஆராயும் கூர்மையில் பாதியையேனும், அச்சொல்லைக் கேட்கும் தாய் என்ன விளங்கிக்கொள்வாள் என்பதில் நாம் காட்டியதுண்டா? ‘இது மருத்துவர் பாடு, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. இந்நாட்டில் மருத்துவர் பெற்றோரிடம் பேசுவது சில நிமிடங்கள். அதுவும் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ. அந்தச் சில நிமிடங்களுக்குள் பெற்றோர் சுமந்து செல்லும் கருத்துகள் வீட்டிலும் பள்ளியிலும் தமிழில் விளைந்தவை. அந்த விளைநிலம் நம் பொறுப்பில் உள்ளது.

இங்கு விளைந்துள்ள களைகளுள் பெரியது, ‘உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்னும் நம்பிக்கை. படித்தவர் வாயிலும் இதனைக் கேட்கிறோம். பழகுவது உடம்பன்று, மாறுவது பாக்டீரியா. உடம்புதான் பழகுகிறது என்றால், மருந்தே தொடாத பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்றாகிவிடும். உண்மை அதுவன்று. அண்டை வீட்டுப் பிள்ளை உண்ட மருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட பாக்டீரியா, பாலர் பள்ளியில் ஒரு தும்மலில் நம் பிள்ளையிடம் குடிபுகும். அப்பிள்ளை வாழ்நாளில் ஒரு மாத்திரையும் விழுங்காதவனாயிருக்கலாம். அவனுக்கு வரும் நிமோனியாவோ ஏற்கெனவே மருந்துக்கு மரத்துப்போனதாக இருக்கும்.

குழந்தைகளின் நிமோனியாவுக்குக் காரணமான பாக்டீரியாக்களுள் முதன்மையானது நிமோகாக்கஸ். அது எங்கோ சாக்கடையில் ஒளிந்திருப்பதன்று. நலமாக ஓடியாடும் குழந்தைகள் பலரின் மூக்கின் பின்புறத்தில், தீங்கு செய்யாமல் குடியிருப்பது அது. எப்போதாவது அங்கிருந்து நுரையீரலுக்கு இறங்கும்போதே நோயாகிறது. இதனை மனத்திற்கொண்டு, சளி பிடித்த குழந்தைக்கு நாம் வற்புறுத்தி வாங்கும் ‘ஆண்டிபயோட்டிக்’ என்ன செய்கிறது என்று பாருங்கள். சளிக்குக் காரணமான வைரஸை அது தீண்டுவதில்லை. மூக்கிலே சும்மா குடியிருந்த நிமோகாக்கஸ் கூட்டத்துக்குள் அது பாய்கிறது. மருந்துக்கு அடங்கும் சாதுவானவை மடிகின்றன. அடங்காத சில எஞ்சுகின்றன. ஒழிந்த இடமெல்லாம் அவற்றுக்கு உரியதாகிறது. நான்கு நாளில் சளி தானே போய்விடுகிறது. மருந்தால்தான் போயிற்று என்று பெற்றோர் மகிழ்கின்றனர். குழந்தையின் மூக்கிலோ அடங்காதவற்றின் ஆட்சி நிறுவப்பட்டிருக்கிறது.

இது நடக்கும் என்று நமக்குச் சொல்லப்படாமல் இல்லை. பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 டிசம்பரில் நோபெல் பரிசு ஏற்புரையில் ஒரு சிறுகதை போல இதனைச் சொன்னார். தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் உண்கிறான் ஒருவன். பாக்டீரியா சாகவில்லை, மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்கிறது. அவனிடமிருந்து அவன் மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா; பெனிசிலின் பயன்படவில்லை; அவள் இறக்கிறாள். அந்தக் கணவன் பாக்டீரியாவுக்குக் கல்வி புகட்டியதாகவே பிளெமிங் கூறினார் என்பது ஆசிரியர்களாகிய நம் கருத்துக்குரியது. பள்ளிக்கூடம் நடத்துவது நாம் மட்டுமல்லோம் போலும்!

அவர் சொல்லி 22 ஆண்டுகளில், 1967இல், பெனிசிலினுக்கு எளிதில் அடங்காத நிமோகாக்கஸ் ஆஸ்திரேலியாவில் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டுச் செய்தியாயிற்று; அடுத்துப் பாப்புவா நியூகினியிலும் காணப்பட்டது. உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1977இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர் பலர் தலைமுறைகளாக வாழும் அந்நகரில், குழந்தைகளிடம் அது தலைகாட்டியது. 1978இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த செய்தி இன்னும் கொடியது. பெனிசிலினுக்கு மட்டுமன்றி வேறு பல மருந்துகளுக்கும் ஒருசேர அடங்காத நிமோகாக்கஸ் அங்கே மருத்துவமனைக் குழந்தைகளிடையே பரவியிருந்தது. பின்னரே உலகம் விழித்தது.

இந்தப் பாக்டீரியா கவசம் பூணும் முறையில் வியக்கத்தக்க செய்தியொன்று உண்டு. பிளெமிங் பெனிசிலினைக் கண்ட அதே 1928இல், இலண்டனில் பிரெடெரிக் கிரிபித் என்பவர் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். தீங்கற்ற உயிருள்ள நிமோகாக்கஸும், சூட்டால் கொல்லப்பட்ட கொடிய நிமோகாக்கஸும் தனித்தனியே எலியைக் கொல்லவில்லை. சேர்த்துச் செலுத்தியபோது கொன்றன. செத்ததன் தன்மையை இருப்பது எடுத்துக்கொண்டது! எடுத்துக்கொள்ளப்பட்டது டிஎன்ஏ என்பதை 1944இல் நியூயார்க்கில் ஏவரியும் அவர் துணைவர் இருவரும் நிறுவினர். மரபியலின் அடித்தளமாகப் பாடநூல்கள் போற்றும் அதே ஆற்றல்தான் இன்று நம் குழந்தைகளுக்கு எதிராகத் திரும்பியுள்ளது. பெனிசிலின் பற்றிப் பிடிப்பது பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் புரதங்களை. வாயில் வாழும் உறவினப் பாக்டீரியாக்களிடமிருந்து டிஎன்ஏ துண்டுகளை வாங்கி, அப்புரதங்களை ஒட்டுப்போட்ட துணிபோல் மாற்றிக்கொள்கிறது நிமோகாக்கஸ். பெனிசிலினின் பிடி நழுவுகிறது.

நழுவுகிறதேயன்றி அடியோடு விடுவதில்லை. இந்த நுட்பம் தெரியாமையால்தான் கிளினிக்கில் ‘பவரான மருந்தாகக் கொடுங்கள்’ என்று கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன், என் மகளுக்கு மூன்று வயதில், வெறும் மூக்கொழுகலுக்கு. மருத்துவர் கொடுத்தார்; நான் நன்றி சொல்லி வந்தேன். இருவரும் தவறிழைத்தோம். பெனிசிலின் இனத்தைச் சேர்ந்த அமோக்சிசிலின் பழையது, மலிவானது. ஆயினும் சற்றே அடங்காத நிமோகாக்கஸ் தரும் நிமோனியாவையும் உரிய அளவில் கொடுத்தால் பெரும்பாலும் வென்றுவிடும். உலகச் சுகாதார நிறுவனம் குழந்தை நிமோனியாவுக்கு முதலில் பரிந்துரைப்பதும் அதனையே. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் முதலிய இனத்துக்கு அடங்காமை வந்துவிட்டாலோ, பெரும்பாலும் அளவைக் கூட்டியும் பயனில்லை. ஆசிய நாடுகள் சிலவற்றில் 2000, 2001ஆம் ஆண்டுகளில் நடந்த கூட்டாய்வில், வியட்நாமில் சேகரித்த நிமோகாக்கஸில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எரித்ரோமைசினுக்கு அடங்காதவையாக இருந்தன. ‘பவர்’ மருந்தின் மிடுக்கு இவ்வளவுதான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘அப்படியானால் மருந்தே வேண்டாம், கஷாயம் போதும்’ என்று புறப்படுவோரும் இருப்பர். அவர்களையும் மறுக்க வேண்டும். இன்னும் கடுமையாகவே மறுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டில் மட்டும் நிமோனியாவால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 740,000 பேர் இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. தெற்காசியாவிலும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலுமே அச்சாவுகள் மிகுதி. அவர்களுள் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் இறந்தோரைவிட, அமோக்சிசிலின் வேளைக்குக் கிடைக்காமையால் இறந்தோரே பலர். ஒருபுறம் வேண்டாத குழந்தைக்கு ஊட்டுகிறோம். மறுபுறம் வேண்டிய குழந்தைக்கு எட்டவில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக விளைந்த சாவுகள், எல்லா நோய்களையும் சேர்த்து, 2019இல் 1.27 மில்லியன் என்று 2022இல் வெளியான ஆய்வு கூறியது. அவற்றுள் ஐந்தில் ஒன்று ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையது.

சளியையும் நிமோனியாவையும் பிரித்தறிய ஒரு தாய்க்கு வேண்டியது மருத்துவப் பட்டமன்று, ஒரு கடிகாரம். இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுதும் மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறைந்து ஓராண்டு நிறையாத குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் எனில், நிமோனியா என ஐயுற்று உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே மார்பு உள்வாங்கினால் ஒரு நொடியும் தாழ்த்தலாகாது. இரண்டு மாதத்துக்கும் குறைந்த சிசுவாயின் எந்த ஐயத்துக்கும் மருத்துவமனையே இடம். நம் கட்டுரைப் பயிற்சிகளில் கடற்கரைக் காட்சிக்கும் நிலவொளிக்கும் இடம் கொடுத்த நாம், இந்த எண்களுக்கு ஒரு பத்தி கொடுத்தோமில்லை.

பாடநூல் வாய்பாடொன்றையும் இங்கே அசைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. ‘மருந்தைப் பாதியில் நிறுத்துவதால்தான் பாக்டீரியா அடங்காமற் போகிறது’ என்று ஒப்பிக்கச் செய்கிறோம். மருத்துவர் குறித்த நாள் வரை உண்ண வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்நாள்களின் எண்ணிக்கையையே மருத்துவ உலகம் குறைத்துக்கொண்டு வருகிறது. 2002இல் பாகிஸ்தானிலும், 2004இல் இந்தியாவிலும், 2021இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வெளிவந்த ஆய்வுகள், கடுமையற்ற குழந்தை நிமோனியாவுக்கு மூன்று நாள் அமோக்சிசிலின் நீண்ட நாள் மருந்துக்குக் குறைந்ததன்று எனக் காட்டின. குறையாக நிறுத்தியவனை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, வேண்டாதபோது தொடங்கியவனையும், தொடங்கச் சொல்லி வற்புறுத்தியவனையும், கொடுத்துக் கட்டணம் வாங்கியவனையும் தப்ப விடுகிறது நம் வாய்பாடு. 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டம் இந்நாட்டில் இம்மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆயினும் சீட்டு எழுதுபவரே மருந்தும் விற்கும் கிளினிக்கில், வெறுங்கையோடு திரும்ப மறுக்கும் பெற்றோர் முன் சட்டம் என்ன செய்யும்?

தடுப்பூசியைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. நிமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி சிங்கப்பூரின் குழந்தைத் திட்டத்தில் 2009இலும், மலேசியாவில் 2020ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளுக்கும் சேர்க்கப்பட்டது. 2000இல் தொடங்கிய அமெரிக்காவில் மருந்துக்கு அடங்காத நிமோகாக்கஸ் நோய் வெகுவாகக் குறைந்தது. ஊசி போடாத முதியவரிடமும் குறைந்தது. பின்னர் ஊசியில் இடம்பெறாத ஒரு வகை தலைதூக்கவே, அதனையும் சேர்த்து 2010இல் புதிய ஊசி வந்தது. இந்த ஓர் இடத்தில், குழந்தையிடம் ‘எதிர்ப்பு’ வளர வேண்டும் என்று என் மாணவன் எழுதியது முற்றிலும் சரி.

‘ஐயா, அப்படியானால் நான் எந்தச் சொல்லை எழுதுவது?’ என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. ‘எதிர்ப்பு’ என்பதை உடலின் ஆற்றலுக்கு மட்டுமே ஒதுக்குவோம் என்றேன். மருந்தைப் ‘பாக்டீரியாக்கொல்லி’ என்போம். கலப்புச் சொல் என்று கடிபவர் கடியட்டும். வைரஸை இது கொல்லாது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறதே! சில வகை கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் தடுக்கும் என்று நுணுக்கம் பேசுவோர்க்கும் அதுவே விடை. மூன்றாவதற்கு ‘மருந்தடங்காமை’ என்று சொன்னேன். அடங்காமை என்றால் என்னவென்று நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. அடங்காப்பிடாரி என்று ஒருமுறையேனும் திட்டு வாங்காத பிள்ளை யார்? ‘குழந்தைகளிடையே மருந்தடங்காமை வளர்கிறது’ என்று நாளிதழ் எழுதினால் எந்தத் தாயும் அதனை நற்செய்தியாகக் கொள்ளமாட்டாள். இதனினும் சிறந்த சொல் உடைய புலவர் பெருமக்கள் அதனைத் தரட்டும், ஏற்றுக்கொள்வேன். பாடநூல் குழுவினரும் நாளிதழ் ஆசிரியரும் அடுத்த பதிப்பிலேனும் பழைய சொல்லை அந்த இடத்திலிருந்து நீக்கட்டும்.