வெனிஸுக்கு முன் பழவேற்காடு



அரையாண்டு விடுமுறை நெருங்கினால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களின் கைப்பேசிகளில் சுற்றுலா விளம்பரங்கள் குவியத் தொடங்கிவிடும். ஐரோப்பாவைப் பத்து நாளில் காட்டுவதாகச் சொல்லும் அவற்றில் வெனிஸுக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு பகல்தான். வசதியுள்ளோர் சென்று வருவதில் குற்றமில்லை. பூமியில் பயணித்து, முன் சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று கவனிக்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. ஆயினும் அந்த ஏவலை நிறைவேற்ற விமானச்சீட்டு நிபந்தனையன்று. கடன் அட்டையில் தவணை கட்டி, அதற்கு வட்டியும் செலுத்தி ஊர் பார்க்கச் செல்வோரை நினைத்தே இதை எழுதுகிறேன்.

வெனிஸ் ஓர் உப்பங்கழி நகரம். வணிகத்தால் உயர்ந்த நகரம். அதன் பெருங்கால்வாயின் கரையில், துருக்கிய முஸ்லிம் வணிகர்கள் தங்கிச் சரக்கு வைத்துக்கொள்வதற்கென்றே 1621 முதல் 1838 வரை ஒரு மாளிகை ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். ஒரு நாள் மட்டும் வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பும் கூட்டத்தைத் தாங்க இயலாமல், 2024-இல் குறிப்பிட்ட நாள்களில் அத்தகையோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது அந்நகரம்.

நமக்கும் ஓர் உப்பங்கழி வணிக ஊர் உண்டு. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் கரையில் இருக்கும் பழவேற்காடு அது. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் அதுதான். சென்னை ஒரு நகரமாகத் திரள்வதற்கு முன்பே அந்தத் துறையில் கப்பல்கள் நின்றன. தமிழ் முஸ்லிம் வணிகர்களும் அங்கே வாழ்ந்தனர். அங்கிருந்து கிழக்கே சென்ற துணியின் பெயர் இன்றும் மலாய் மொழியில் வாழ்கிறது. மலேசியாவில் ஆண்கள் தொழுகைக்கு உடுத்திச் செல்லும் கைலிக்கு 'காயின் பெலேகாட்' என்று பெயர். பெலேகாட் என்பது பழவேற்காடே. கோலாலம்பூருக்கு வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவ்வூரின் சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. கைப்பேசிச் செயலி பாங்கு சொல்லிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, நிழல் சாய்வதைக் கொண்டு லுஹரும் அஸரும் எப்படிக் கணிக்கப்பட்டன என்பதை அதன் முன் நிறுத்திச் சொல்லிக் கொடுக்கலாம். மதரஸாவில் ஒரு மாதம் விளக்குவதைக் கால் மணி நேரத்தில் புரிந்துகொள்வார்கள்.

கோட்டையில் இப்போது புதர் மண்டிய மேடும் அகழியும்தான் மிச்சம். டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பிற சமயத்தார் கல்லறைகளை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று சிலர் தயங்குவதுண்டு. அங்கே யாரும் வழிபடச் செல்வதில்லை. கப்ருகளைக் காண்பது மறுமையை நினைவூட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்த பாடத்தை, அரண்மனைபோல் எழுப்பிய அந்தக் கல்லறைகளும் நடத்துகின்றன. கூடவே இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பஞ்ச காலங்களில் இந்தக் கரையில் வாங்கப்பட்ட தமிழ் ஏழைகள் அடிமைகளாக இதே டச்சுக் கப்பல்களில் படேவியாவுக்கு ஏற்றப்பட்டனர். கல்வெட்டுகள் யாவும் ஏற்றியவர்களின் பெயரையே சொல்கின்றன.

படகுச் சவாரிக்கு ஆசைப்பட வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குளிர்காலத்தில் பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

இத்தகைய பயணங்களில் என்னை உறுத்துவது வேறொன்று. பழைய ஊர்களுக்கு வேன் பிடித்துச் செல்கிறோம். தொழுகை நேரம் வந்ததும் ஆண்கள் உளூச் செய்து பள்ளிக்குள் நுழைகிறார்கள். பெண்கள் வேனிலேயே அமர்ந்திருக்கிறார்கள். கழிவறைக்கும் வழியில்லை, தொழுவதற்கும் இடமில்லை. வீடு திரும்பிக் களாத் தொழுகிறார்கள். இதைப் பயணத்தின் இயல்பான சிரமம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே செல்லும் ஊரின் ஜமாஅத்தாரைத் தொடர்புகொண்டு, பெண்களுக்கு ஓர் அறையோ அருகில் ஒரு வீடோ கிடைக்குமா என்று கேட்பது குடும்பத் தலைவரின் பொறுப்பு. நம் புறநகர் மஹல்லாக்களும், வழிப்போக்கராக வரும் பெண்களுக்கு நாம் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபஜ்ருக்குப் பின் தாம்பரத்தில் மின்ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்குங்கள். எதிரே சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து. கஸ்ர் செய்யும் தூரம் வருமா என்பதை முன்கூட்டியே உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உணவைக் கட்டிக்கொண்டு போகாமல் அவ்வூரிலேயே மீன்சோறு உண்ணுங்கள். அங்குள்ள பெண்கள் பனையோலையில் பின்னும் கூடைகளில் இரண்டைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். மஃக்ரிபுக்கு முன் பேருந்து ஏறினால், இன்ஷா அல்லாஹ், இரவு உணவுக்கு வீட்டில் இருக்கலாம்.