சீட்டு என்றாலே சூதாட்டமா?

காஞ்சிபுரத்தில் ஒரு பையன் கையடக்க கேம் கருவியில் சீட்டுகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், வீட்டுப் பெரியவர் கேட்கிற முதல் கேள்வி: "எவ்வளவுடா கட்டியிருக்கே?"

பயம் நியாயமானதுதான். ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் அழிந்த கதை ஊருக்கே தெரியும். அதனால்தான் தமிழக அரசு 2022-ல் தடைச் சட்டம் போட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் எதிராக நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. எல்லாம் சரி. ஆனால் சண்டை பணத்தோடா, சீட்டோடா?

சீட்டு என்ற சொல்தான் பாவம் என்றால், மாதாமாதம் ஏலச் சீட்டு கட்டுகிறவர்களை என்ன செய்வது? அதற்கு 1982-லேயே மத்திய சட்டம் இருக்கிறதே!

'கிங்டம் ஹார்ட்ஸ்: செயின் ஆஃப் மெமரீஸ்' என்று ஒரு கேம். 2004-ல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்தது. சோரா என்கிற சிறுவன் ஒரு மாயக் கோட்டையில் மாடி மாடியாக ஏறுகிறான். ஏற ஏற அவன் நினைவுகள் கழன்றுகொண்டே போகின்றன. வாள் வீசவும் சீட்டு, மந்திரத்துக்கும் சீட்டு. ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை ஓர் எண். பெரிய எண் சின்ன எண்ணை உடைக்கும். 0 இருக்கிறதே, அது பின்னால் வந்தால் எதையும் உடைக்கும், முன்னால் போனால் எதனாலும் உடைபடும். மூன்று சீட்டைச் சேர்த்தால் பெரிய அடி விழும், ஆனால் அதில் முதல் சீட்டு அந்தச் சண்டை முடியும்வரை திரும்பாது. நல்ல சீட்டுக்கு விலைப்புள்ளி அதிகம், மொத்தப் புள்ளிக்கு வரம்பும் உண்டு. பி.காம். படிக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பக்கா பட்ஜெட் கணக்கு!

இதில் சீட்டைக் கலைத்துப் போடுவதே கிடையாது என்பதுதான் முக்கியம். அடுக்குகிற வரிசை ஆடுகிறவர் கையில். தோற்றால் விதியைத் திட்ட முடியாது.

"உள்ளே கடையில் சீட்டுப் பாக்கெட் விற்கிறார்களே, என்ன வரும் என்று தெரியாதே?" என்று விவரமானவர்கள் மடக்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே செல்லுவது விளையாட்டுக்குள் சம்பாதித்த புள்ளி மட்டும். நிஜக் காசு கேமை வாங்கும்போது கொடுத்ததோடு சரி.

வேடிக்கை என்னவென்றால், அதே பெரியவர் பையன் மொபைலில் கால்பந்து ஆடினால் "ஸ்போர்ட்ஸ்தானே" என்று விட்டுவிடுவார். ஃபிஃபா கேமில் எந்த வீரர் வருவார் என்றே தெரியாத பாக்கெட்டை நிஜப் பணத்துக்கு விற்றார்கள். இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டம்தான் என்று பெல்ஜியம் 2018-ல் சொன்னது. ஈ.ஏ. நிறுவனம் 2019 தொடக்கத்தில் அந்த நாட்டில் மட்டும் அந்த விற்பனையை நிறுத்தியது. பந்து இருந்தால் விளையாட்டு, சீட்டு இருந்தால் சூது... என்ன தர்க்கமோ!

சோராவின் கேமைத் திட்டியே ஆகவேண்டுமா? தாராளமாகத் திட்டலாம். மாடிக்கு மாடி ஒரே மாதிரி காலி அறைகள், அடித்த எதிரியையே மறுபடி மறுபடி அடிக்கிற சலிப்பு. 2007-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு முப்பரிமாணத்தில் புதுப்பித்தபோதும் அந்த அறைகள் அப்படியேதான் இருந்தன.