ஒப்படைப்பும் ஓர் அறமே

நெய்பவர் ஒருவர், சாயமேற்றுபவர் ஒருவர், தைப்பவர் ஒருவர் எனப் பல கைகளைக் கடந்தே ஆடை நம்மை வந்தடைகிறது. அளவு சொன்னவர் பிழையாகச் சொல்லியிருந்தாலும், சட்டை பொருந்தாதபோது பழி தைத்தவர் மேல்தான் விழும். திரைக்கலையிலும் இதுவே நடக்கிறது. கலை பயிலும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என விழைகிறோம்.

பெரும்படமாயினும் குறும்படமாயினும், படத்தொகுப்பு முடிந்ததும் இரு வாயில்களைக் கடந்தாக வேண்டும். ஒன்று நிறச்சீரமைப்பு, நம் திரையுலகம் அதனை 'டி.ஐ.' என்னும். மற்றொன்று 'மிக்ஸிங்' எனப்படும் ஒலிக்கலவை. உரையாடல், சூழல் ஒலி, இசை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று விழுங்காதபடி அளவிட்டுச் சேர்ப்பது அப்பணி. இவை வெறும் மெருகு வேலைகள் அல்ல. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' என்னும் அமெரிக்கப் படத்தில், மிசிசிப்பியின் பசுமையான கோடையைக் கணிப்பொறி வழியே காய்ந்த பொன்னிறமாக மாற்றினர். அங்கே நிறமும் கதை சொல்லிற்று.

படச்சுருள் காலத்தில் தொகுப்பாளர் பாசிட்டிவ் பிரதியை வெட்டி ஒட்டி, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு அனுப்புவார். சுருளின் ஓரத்தில் பதிந்துள்ள எண்களை ஒப்பிட்டு, நெகட்டிவ் வெட்டுபவர் மூலத்தை வெட்டுவார். வெட்டிய நெகட்டிவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. அந்த அச்சமே ஒழுங்கைக் கற்பித்தது. இன்று கணிப்பொறியில் எதையும் எப்போதும் மாற்றலாம். அச்சம் அகன்றது, அதனுடன் ஒழுங்கும் அகன்றுவிட்டதோ என ஐயுறுகிறோம்.

இதனை நாம் பட்டே அறிந்தோம். மாணவர்களோடு சேர்ந்து நாம் உருவாக்கிய சிறு ஆவணப்படத்தைத் தொகுத்து, ஒலிக்கலவைக்கு ஓர் இளைஞரிடம் கொடுத்தோம். கொடுத்த பின்னர், ஒரு காட்சி சற்று நீள்வதாகத் தோன்றவே 12 பிரேம்களை நீக்கினோம். அவரிடம் சொல்லவில்லை. வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் அது அரை வினாடி. அவர் அனுப்பிய ஒலியைக் கடைசி இரவில் படத்தோடு இணைத்து, தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரையிட்டோம். அந்த வெட்டுக்குப் பின் எல்லாச் சொற்களும் உதட்டுக்குப் பிந்தி வந்தன. மூதாட்டி ஒருவர் தம் துயரைச் சொல்லும் இடத்தில் அரங்கு சிரித்தது. 'ஒலி செய்தவர் யார்?' என்றே எல்லோரும் கேட்டனர். தவறு நம்முடையது என்று அன்றே எழுந்து சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. அதனை இங்கே சொல்கிறோம்.

எனவே, ஒப்படைப்பதற்கு முன் தொகுப்பை 'லாக்' செய்ய வேண்டும். இனி மாற்றமில்லை என்னும் வாக்குறுதி அது. மாற்றம் தவிர்க்க இயலாததாயின், எந்த இடத்தில் எத்தனை பிரேம் என எழுதித் தெரிவிக்க வேண்டும். நிறச்சீரமைப்பவருக்கு மூலப் பதிவுகளையும், வெட்டுகளின் பட்டியலான ஈ.டி.எல். அல்லது எக்ஸ்.எம்.எல். கோப்பையும் தருக, நாம் தற்காலிகமாகப் பூசிய நிறங்களை நீக்கித் தருக. ஒலிக்கலைஞருக்கு ஏ.ஏ.எஃப். கோப்பில் உரையாடலையும் இசையையும் பிற ஒலிகளையும் தனித்தனித் தடங்களில் பிரித்துத் தருக. ஒவ்வொரு துண்டின் இருபுறமும் சில வினாடிகள் மிகையாக விட்டுத் தருக. படத்தின் முதற்பிரேமுக்குச் சரியாக 2 வினாடி முன்னர் ஒரு பிரேம் அளவே ஒலிக்கும் 'பீப்' ஒன்றை வைத்தால், படமும் ஒலியும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். நேரக்குறி பொறித்த மாதிரிப் பிரதியை இருவருக்கும் கொடுக்க வேண்டும். பிரேம் வேகத்தையும் குறிப்பிட வேண்டும்: 24இல் ஓட வேண்டிய பத்து நிமிடப் படம் 25இல் ஓடினால் 24 வினாடி குறைந்துவிடும்.

'இன்று ஒரே மென்பொருளில் தொகுப்பு, நிறம், ஒலி மூன்றையும் செய்யலாமே. இத்தனை சடங்குகள் எதற்கு?' என வினவுவோர் உளர். மென்பொருள் ஒன்றாகலாம், கண்ணும் செவியும் ஒன்றாகா. பல மாதங்கள் ஒரே காட்சியைப் பார்த்துச் சலித்த நமக்குத் தெரியாத குறை, புதிதாய்ப் பார்ப்பவருக்குத் தெரியும். ஒருவரே மூன்றையும் செய்யினும், நேற்றைய தாம் நாளைய தமக்கு ஒப்படைக்கவே செய்கிறார்.

திரைக்கலையைக் கற்பிக்கும் கல்லூரிகள் படமெடுக்கவும் தொகுக்கவும் பயிற்றுவிப்பதைப் போலவே, ஒப்படைக்கவும் பயிற்றுவித்து அதற்கு மதிப்பெண்ணும் வழங்க வேண்டும் என்பது நம் கருத்து. நமக்குப் பின் வேலை செய்பவரின் முகத்தை நாம் பாராமலே போகலாம். ஆயினும் அவருடைய இரவுத் தூக்கமும் நற்பெயரும் நாம் கொடுக்கும் கோப்பினுள் இருக்கின்றன. மாணவச் செல்வங்களே, அதனை மறவாதிருங்கள்.